ஓசியில் கேட்டவர்கள் எழுதிய மொய்: லில் வெய்னின் ‘தா கார்ட்டர் 3’

2008 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் அப்போதெல்லாம் புது ஆல்பங்கள் செவ்வாயன்றுதான் கடைக்கு வரும். அன்று வந்த ரேப்பர் லில் வெய்னின் ‘தா கார்ட்டர் 3’ ஒரே வாரத்தில் அந்த நாட்டில் மட்டும் 10,05,545 பிரதிகள் விற்றது. அதற்கு முன் ஒரு வாரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிய ஆல்பம், 2005 மார்ச்சில் வந்த ஃபிஃப்டி சென்ட்டின் ‘தி மசாக்கர்’. நடுவில் மூன்று வருஷம் யாருக்கும் வாய்க்கவில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. வெளியீட்டுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்பே ஆல்பம் முழுசாக இணையத்தில் கசிந்துவிட்டது. முந்தின வருஷம், இதே ஆல்பத்துக்கென்று பதிவு செய்த பாட்டுகள் மூட்டை மூட்டையாக வெளியே போயிருந்தன. அதற்கும் முன்னால், மனிதர் தன் பாட்டுகளைத் தானே ஊருக்கெல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருந்தார். இதே காலத்தில் ஆல்பம் வியாபாரம் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. 2007-ல் அமெரிக்காவில் சுமார் 50 கோடி ஆல்பங்கள் விற்றன, 2008-ல் சுமார் 43 கோடி. ஒரே வருஷத்தில் 14 சதவீதம் காலி.

ஓசியில் கிடைக்கும் சரக்குக்குப் பத்து லட்சம் பேர் ஏன் காசு கொடுத்தார்கள்? நான் கண்ட விடையைச் சொல்ல, கல்யாண வீட்டு மொய் நோட்டைத் தவிர எனக்கு வேறு உவமை கிடைக்கவில்லை. மூன்று வருஷம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அந்த ஒரு வாரத்தில் வந்து வரிசையில் நின்று மொய் எழுதினார்கள். ஆல்பம் நன்றாக இருந்ததா என்பது கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி. அதற்கும் வருகிறேன்.

ஹாலிகுரோவ் பையன்

ட்வெய்ன் மைக்கேல் கார்ட்டர் ஜூனியர் 1982 செப்டம்பர் 27 அன்று லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். வளர்ந்தது ஹாலிகுரோவ் என்ற ஏழைக் கறுப்பினப் பகுதி. பதினொரு வயது வாக்கில் உள்ளூர் இசை நிறுவனமான கேஷ் மணியோடு ஒட்டிக்கொண்டார். அதை நடத்திய அண்ணன் தம்பி இருவரில் ‘பேர்ட்மேன்’ என்று அறியப்பட்ட பிரையன் வில்லியம்ஸை ‘அப்பா’ என்றே கூப்பிட்டார். பன்னிரண்டு வயதில் வீட்டிலிருந்த துப்பாக்கியால் தன் நெஞ்சிலேயே சுட்டுக்கொண்டு, சாவின் விளிம்பிலிருந்து திரும்பியவர். ரொம்ப காலம் அதை விபத்து என்று சொல்லிவந்தார். பின்னாளில், அது விபத்தில்லை என்று அவரே சொன்னார்.

அமெரிக்க ஹிப் ஹாப்பில் தெற்கு என்றால் நியூயார்க்காரர்களுக்கு நெடுநாள் இளக்காரம்தான். 1995-ல் நியூயார்க்கில் ஒரு விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழுவுக்குப் பரிசு அறிவித்ததும் கூட்டம் கூச்சல் போட்டது. தெற்கிடமும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று மேடையிலேயே அக்குழுவின் ஆண்ட்ரே பதில் சொன்னது இன்றுவரை பேசப்படுகிறது. நியூ ஆர்லியன்ஸுக்கு அப்படி மேடையேறிச் சவால் விடும் தேவைகூட இருக்கவில்லை. அதனிடம் ‘பவுன்ஸ்’ என்ற சொந்த ஆட்ட இசை இருந்தது. ஒருவர் கத்த, கூட்டம் திருப்பிக் கத்தும் இசை. அந்தத் துள்ளலை மேனி ஃபிரெஷ் என்ற தயாரிப்பாளர் கேஷ் மணியின் முத்திரையாக்கினார். 1998-ல் யுனிவர்சல் நிறுவனத்தோடு 3 கோடி டாலர் ஒப்பந்தம் வந்தது. அதே வருஷம் ஜுவனைலின் ‘400 டிகிரீஸ்’ லட்சக்கணக்கில் விற்றது. ஜுவனைல், பி.ஜி., டர்க், வெய்ன் என்ற நால்வர் அணிக்கு ஹாட் பாய்ஸ் என்று பெயர். அதில் கடைக்குட்டி வெய்ன்தான்.

பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பணக் கணக்கில் தகராறு. 2005-ல் மேனி ஃபிரெஷும் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது கடைக்குட்டி மட்டும்.

அந்த ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தது. கரைகள் உடைந்து நகரத்தின் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. கேஷ் மணி மயாமிக்குக் குடிபெயர்ந்தது. டிசம்பரில் ‘தா கார்ட்டர் 2’ வந்தது. மேனி ஃபிரெஷின் ஒரு பீட்கூட (ரேப்பர் பாடுவதற்கான பின்னணி இசை) இல்லாத ஆல்பம். முதல் வாரம் 2,38,000 பிரதிகள், பட்டியலில் இரண்டாம் இடம். கௌரவமான எண், அவ்வளவுதான். இரண்டரை வருஷம் கழித்து அடுத்த ஆல்பம் இதன் நாலு மடங்கைத் தாண்டுகிறது. நாம் பார்க்க வேண்டிய காலம் இந்த இடைவெளிதான்.

அடுத்தவன் பீட், என் வீடு

மிக்ஸ்டேப் என்ற பெயரில் டேப் இருந்தாலும், இந்தக் காலத்தில் அது சிடியும் எம்பி3 கோப்புகளும்தான். வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பாட்டு ஹிட் ஆகிறது. அதன் பீட்டை மட்டும் எடுத்து, அதன்மேல் இன்னொருவர் தன் வரிகளைப் பாடுகிறார். ஒரு டிஜே எல்லாவற்றையும் தொகுத்து, நடுநடுவே தன் பெயரைக் கத்தி, வெளியே விடுகிறார். யாரிடமும் அனுமதி வாங்குவதில்லை. அதனால் சட்டப்படி விற்க முடியாது. முடிதிருத்தும் கடையிலும் தெருமுனையிலும் கைமாறும், இணையத்தில் சும்மா கிடைக்கும்.

2006 மே மாதம் டிஜே டிராமாவுடன் ‘டெடிகேஷன் 2’. 2007 ஏப்ரலில் இரட்டை சிடி அளவுக்கு ‘டா டிரவுட் 3’. இரண்டாவதில் வெய்ன் செய்தது பச்சையான கொள்ளை. நியூயார்க்கின் பெரிய ரேப்பர் ஜே-ஸீயின் பீட்டா, எடு. நார்ல்ஸ் பார்க்லியின் ‘கிரேஸி’யா, அதையும் எடு. எடுத்த பீட்டில் சொந்தக்காரரை விட நன்றாகப் பாடிக் காட்டுவதுதான் விளையாட்டு. மைக் ஜோன்ஸின் ‘மிஸ்டர் ஜோன்ஸ்’ பீட்டில் அவர் பாடியதைக் கேட்ட பிறகு, மூலப் பாட்டு எது என்பதே பலருக்கு மறந்துபோனது. கச்சேரியில் ஒரு வித்வான் பாடிப் பேர் வாங்கிய ராகத்தை, அடுத்த நாள் இன்னொருவர் எடுத்து அதே சபையில் விரித்தால் எப்படி இருக்கும்? அந்தக் குறும்பும் திமிரும்தான் இது.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வெய்ன் அப்போது எதையும் எழுதிவைத்துப் பாடுவதில்லை. ‘10,000 பார்ஸ்’ என்ற நீண்ட பாட்டில் நோட்டுப் புத்தகத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு பேனாவைத் தொடவில்லை என்பது அவரே சொன்னது. பீட்டை ஓடவிட்டு, மைக் முன்னால் நின்று, நாலு வரி நாலு வரியாகப் பிடித்துப் போவார். எழுதுகிறவரின் வரி ஒரு முடிவை நோக்கிப் போகும். இவருடையது ஒரு சொல்லின் ஓசை இழுத்த பக்கம் திரும்பும், அங்கிருந்து எங்கோ தாவும். சொற்சிலம்பம் என்று சொல்லலாம். ஆனால் சிலம்பத்தில் அடவு உண்டு. இங்கே அடுத்த வீச்சு எங்கே விழும் என்று வீசுகிறவருக்கே தெரியாது. கேட்கிறவர்கள் ஒட்டிக்கொண்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

‘டெடிகேஷன் 2’ன் கடைசியில் ஜார்ஜியா மாநிலத்தைப் பற்றிய ஒரு பாட்டின் பீட்டை எடுத்து, ஊர்ப் பெயரை அதிபர் புஷ் பக்கம் திருப்பி, கத்ரீனாவில் கைவிடப்பட்ட நகரத்துக்காகக் கொந்தளித்திருப்பார். எந்த நிறுவனத்து வக்கீலும் கையெழுத்துப் போடாத பாட்டு. மிக்ஸ்டேப்பாக இருந்ததால் மட்டுமே வெளியே வந்தது.

நிறுவனங்கள் இதையெல்லாம் எப்படிப் பார்த்தன? இரண்டு விதமாக. ஒரு கை விளம்பரத்துக்காக டிஜேக்களை ஊக்குவித்தது. இன்னொரு கை போலீஸைக் கூப்பிட்டது. 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் டிஜே டிராமாவின் ஸ்டூடியோவில் சோதனை. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமும் போலீஸோடு சேர்ந்து வந்தது. சுமார் 81,000 சிடிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மாஃபியா கும்பல்களுக்கென்று கொண்டுவந்த சட்டம் டிராமா மேலும் அவர் கூட்டாளி மேலும் பாய்ந்தது. யாருடைய பாட்டைப் பரப்பினாரோ, அவர்களின் நிறுவனங்கள் உறுப்பினராக இருக்கும் சங்கம்! மூன்று மாதம் கழித்து வெய்ன் ‘டா டிரவுட் 3’ஐ இலவசமாக இறக்கிவிட்டார்.

அதே வருஷம் அடுத்தவர் பாட்டிலெல்லாம் வந்து பதினாறு வரி பாடிவிட்டுப் போனார். யார் கூப்பிட்டாலும் போனார். ‘வைப்’ இதழ் 2007-ல் வெய்ன் பாடியவற்றில் சிறந்தவை என்று ஒரு பட்டியல் போட்டது. பத்து இல்லை, இருபது இல்லை, 77 பாட்டு. ஆல்பமே வெளியிடாத ஒரு வருஷத்தில்!

கசிவு

இந்த நேரத்தில் ‘தா கார்ட்டர் 3’க்கான பதிவுகள் நடந்துகொண்டிருந்தன, அதே வேகத்தில் கசிந்துகொண்டும் இருந்தன. 2007 கோடையில் ‘கார்ட்டர் 3 செஷன்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பு சுற்றியது. அதில் பல பாட்டுகள் இறுதி ஆல்பத்தில் இல்லை. கசிந்ததை எப்படி விற்பது என்று ஒதுக்கிவிட்டார்கள். ‘ஐ ஃபீல் லைக் டையிங்’ என்று ஒரு பாட்டு, போதையின் அடியாழத்தில் மிதக்கும் குரல். கேட்டவர்கள் பலருக்கு அவருடைய மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று. அதுவும் ஆல்பத்தில் கிடையாது. 2007 கிறிஸ்துமஸ் அன்று, கசிந்தவற்றில் ஐந்தை ‘தி லீக்’ என்றே பெயர் வைத்து இணையத்தில் அதிகாரபூர்வமாக விற்றார்கள். திருட்டுப்போன மாட்டைத் தேடிப் பிடித்து, அதே சந்தையில் நிறுத்தி விலை சொன்ன மாதிரி.

பொதுவாகச் சொல்லும் கதை, கசிவு விளம்பரமாகிவிட்டது என்பது. அது பாதிக் கதை. கசிவு ஆல்பத்தின் உருவத்தையே மாற்றியது. ஒவ்வொரு முறை மூட்டை அவிழும்போதும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2006-ல் மனதிலிருந்த ஆல்பம் 2008-ல் வந்தது இல்லை. கடைசியில் கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கட்டிய பதினாறு பாட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. சிலர் இதைக் குறை என்றார்கள், சிலர் அழகு என்றார்கள். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

வெளியீடு நெருங்கிய நேரத்தில் ஒரு பேட்டியில் மிக்ஸ்டேப் டிஜேக்களை வெய்ன் கன்னாபின்னாவென்று திட்டிவைத்தார். தூக்கிவிட்டவர்களையே திட்டுவதா என்று அவர்கள் கொதித்தார்கள். பிறகு சமாதானம் பேசினார். ஆல்பம் கசிவதை அது தடுக்கவில்லை.

ஆல்பத்துக்குள்

அட்டையில் வெய்னின் குழந்தைப் பருவப் படம், அதன் முகத்தில் அவருடைய இன்றைய பச்சை குத்தல்கள். பார்த்ததும் ஒரு கணம் சங்கடமாக இருக்கும்.

‘எ மில்லி’யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. செய்தவர் அட்லாண்டாக்காரர், பெயர் பங்களாதேஷ் (நாடு இல்லை, ஆள்). எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் பழைய பாட்டு ஒன்றின் ரீமிக்ஸிலிருந்து ‘எ மில்லி’ என்று காதில் விழும் ஒரு துண்டுக் குரலை வெட்டியெடுத்து, அதைக் கனமாக்கி, பாட்டு முழுக்க நிறுத்தாமல் ஓடவிட்டார். எ மில்லி, எ மில்லி, எ மில்லி. கீழே தரையை அதிரவைக்கும் பேஸ், மேலே உருளும் ஸ்னேர். வேறு எதுவும் இல்லை. ராகம் இல்லை, பல்லவி இல்லை. வெய்ன் நுழைகிறார், மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசிக்கொண்டே போகிறார், வெளியேறுகிறார். நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். சிரிப்பு, இருமல் மாதிரி ஒரு சத்தம், தொண்டையைச் சொறியும் கரகரப்பு, எதையும் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவது மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கேட்குமே, அந்த நெருக்கம்.

முதலில் இதை ஒரே பாட்டாக வைக்கும் யோசனையே இல்லை. ஆல்பத்தின் நடுநடுவே இந்த பீட் துண்டு துண்டாக வரும், ஒவ்வொன்றிலும் வேறொரு இளைஞர் பாடுவார் என்பது திட்டம். கோரி கன்ஸ் என்பவர் பாடிய வடிவமும் கசிந்தது. கடைசியில் வெய்ன் பாடியது மட்டும் ஆல்பத்துக்குப் போனது. பல்லவியே இல்லாத பாட்டு, அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் ஆறாம் இடம் வரை ஏறியது. அந்தக் கோடையில் ரேப் பாடத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று ஒரு பட்டாளமே இந்த பீட்டை எடுத்துத் தங்கள் வடிவத்தை வெளியிட்டது. ஜே-ஸீயும் விடவில்லை. மூன்று வருஷம் ஊரார் பீட்டையெல்லாம் தூக்கியவர் வீட்டில் ஊரே புகுந்தது. அவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருந்திருக்க முடியாது.

பணம் கொண்டுவந்தது ‘லாலிபாப்’. ஆட்டோ-ட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் போட்ட குரல், வழுவழுப்பான பல்லவி, இரட்டை அர்த்தம் என்று சொல்லவும் முடியாத ஒற்றை அர்த்த வரிகள். பல்லவி தந்து கூடப் பாடிய ஸ்டாட்டிக் மேஜர், பாடகி ஆலியாவின் ‘ட்ரை எகெய்ன்’ போன்ற பாட்டுகளுக்குப் பின்னால் இருந்த பாடலாசிரியர். காலமெல்லாம் அடுத்தவருக்கு எழுதிய ஆள். 2008 பிப்ரவரி 25 அன்று, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைநோய்க்கான சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கலால் 33 வயதில் இறந்துபோனார். பாட்டு அடுத்த மாதம் வெளியாகி, முதலிடத்தில் ஐந்து வாரம் இருந்தது. வெய்னுக்கு அதுதான் முதல் முதலிடம். ஸ்டாட்டிக் பார்க்கவில்லை.

மிக்ஸ்டேப் ரசிகர்களுக்கு ‘லாலிபாப்’ கசந்தது. விலைபோய்விட்டார் என்றார்கள். அவர்களுக்கு ஆறுதலாக ‘டாக்டர் கார்ட்டர்’ இருந்தது. தயாரிப்பாளர் ஸ்விஸ் பீட்ஸ், டேவிட் ஆக்ஸல்ராடின் பழைய ஜாஸ் இசைத்துண்டு ஒன்றை அப்படியே தளமாக வைத்திருக்கிறார். வெய்ன் மருத்துவர், வரும் நோயாளிகள் மட்டமான ரேப்பர்கள். சொந்தச் சரக்கு இல்லை, நடை இல்லை என்று நர்ஸ் குறிப்பைப் படிக்க, இவர் சிகிச்சை தொடங்குகிறார். முதல் இருவரைக் காப்பாற்ற முடிவதில்லை, மூன்றாமவர் பிழைக்கிறார். பிழைத்தது ஹிப் ஹாப். எழுதாமல் பாடுகிறவர் என்பதால் ஒழுங்கான கதை சொல்ல வராது என்று நினைத்தவர்களுக்கு இது பதில்.

ராபின் திக்குடன் பாடிய ‘டை மை ஹேண்ட்ஸ்’ கத்ரீனா பாட்டு. ‘டெடிகேஷன் 2’ல் இருந்த கோபம் இங்கே இல்லை, களைப்புதான் இருக்கிறது. கிட்டாரும் தாழ்ந்த குரலும், வீடு போன ஊரைச் சுற்றிப் பார்க்கும் ஒருவனின் நடை. கோபத்தை ஓசியில் கொடுத்துவிட்டு, துக்கத்தைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் ஒரு நகரத்தின் கதை முழுசாகக் கிடைக்கும்.

கடைசிப் பாட்டில் பழைய பாடகி நீனா சிமோனின் குரலை வைத்துக்கொண்டு, கொஞ்சம் பாடிவிட்டுப் பிறகு நிமிஷக் கணக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார். கொக்கெய்ன் பொடிக்கும், அதையே கட்டியாக்கிய கிராக்குக்கும் சிறைத் தண்டனையில் உள்ள வித்தியாசம்தான் பேச்சு. 1986-ல் வந்த சட்டப்படி, விற்பதற்காகப் பொடியாக 500 கிராம் வைத்திருந்தால் கிடைக்கும் ஐந்து வருஷத் தண்டனை, கிராக்காக 5 கிராம் இருந்தாலே கிடைக்கும். கிராக்கில் சிக்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். பேச்சு போதையில் தள்ளாடுகிறது, கறுப்பின உரிமைத் தலைவர் ரெவரெண்ட் அல் ஷார்ப்டனை வம்புக்கு இழுக்கிறது, ஆனால் விஷயம் பிசகவில்லை. நூற்றுக்கு ஒன்று என்றிருந்த அந்த விகிதத்தை 2010-ல் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். பத்து லட்சம் பிரதி விற்ற ஆல்பத்தை இப்படியா முடிப்பார்கள் என்று முதல் தடவை கேட்டபோது எரிச்சல் வந்தது. இப்போது அதைத் தாண்டிப் போவதில்லை.

சரி, குறைகள். ‘காட் மணி’ அந்த வருஷத்து ரேடியோவுக்குச் செய்த பண்டம், சீக்கிரம் ஊசிப்போனது. ‘கம்ஃபர்ட்டபிள்’ பாதியில் தூக்கம் வருகிறது. ‘மிஸஸ் ஆஃபீசர்’ல் பாபி வாலன்டினோ போலீஸ் சைரனைப் பாடிக் காட்டுவது ஒரு தடவை சிரிப்பு, பத்தாவது தடவை தலைவலி. ‘டா டிரவுட் 3’ஐ முழுசாகக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால், காட்டாறு கால்வாயில் ஓடுகிற மாதிரி ஓர் ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும்.

வரவேற்பு

விமர்சகர்கள் பெரும்பாலும் கொண்டாடினார்கள். விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 84. இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 8.7 கொடுத்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பங்களில் மூன்றாவதாக வைத்தது. ஆனால் விமர்சனம் வரும்போது தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. தற்போது உயிரோடு இருப்பவர்களில் தானே தலைசிறந்த ரேப்பர் என்று 2005-லேயே வெய்ன் சொல்லிக்கொண்டபோது சிரித்தார்கள். எம்டிவி 2007-ல் அந்த வருஷத்தின் முதலிட ரேப்பராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது சிரிப்பு நின்றது. கையில் ஒரு புது ஆல்பம்கூட இல்லாமல் வாங்கிய பட்டம் அது. ‘மிஸ்டர் கார்ட்டர்’ பாட்டில் இன்னொரு கார்ட்டரான ஜே-ஸீ வந்து பாடிவிட்டுப் போவது, வாரிசுக்குச் சாவிக்கொத்தைக் கொடுக்கும் சடங்கு மாதிரியே இருக்கும்.

பந்தியில் சாப்பிட்டவர்கள் காசு கொடுக்க அதுவரை பெரிதாக வழி இருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மிக்ஸ்டேப்புக்கு விலை இல்லை, விலை வைத்தால் வழக்கு. ரசிகனிடம் பாக்கி ஏறிக்கொண்டே போனது. அதைக் கட்டப் பெரிய கவுன்டர் திறந்த நாள் ஜூன் 10. பிரிட்டிஷ் ராக் குழுவான கோல்ட்ப்ளேயின் புது ஆல்பம் அடுத்த வாரமே வந்து சுமார் 7,21,000 விற்றது. வருஷக் கடைசிக் கணக்கில் ‘தா கார்ட்டர் 3’ அமெரிக்காவில் சுமார் 28.7 லட்சத்தோடு முதலிடம், கோல்ட்ப்ளே சுமார் 21 லட்சத்தோடு இரண்டாமிடம். அதன்பின் ஒரு வாரத்தில் பத்து லட்சத்தைத் தொட்டவர் டெய்லர் ஸ்விஃப்ட், 2010-ல். வெய்னே 2011-ல் ‘தா கார்ட்டர் 4’ மூலம் முயன்று 9,64,000-ல் நின்றார்.

2009 பிப்ரவரி 8 அன்று நடந்த கிராமி விழாவுக்கு எட்டுப் பரிந்துரைகளோடு போனார், அந்த வருஷம் யாருக்கும் அதைவிட அதிகம் கிடையாது. சிறந்த ரேப் ஆல்பம் உட்பட நான்கு வென்றார். எல்லாம் ரேப் பிரிவுக்குள்ளேதான். வருஷத்தின் ஆல்பம் என்ற பெரிய விருது ராபர்ட் பிளான்ட், அலிசன் கிராஸ் இணைக்குப் போனது. அன்றைக்கு மேடையில் அவர் ‘லாலிபாப்’ பாடவில்லை. நியூ ஆர்லியன்ஸின் மூத்தவர்களான ஆலன் டூஸான், டெரன்ஸ் பிளான்சார்ட், டர்ட்டி டஸன் பிராஸ் பேண்ட் இவர்களோடு ‘டை மை ஹேண்ட்ஸ்’ பாடினார்.

மொய் நோட்டு யார் கையில்

பத்து லட்சம் பேர் எழுதிய மொய் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது கதையின் கசப்பான பாதி. மிக்ஸ்டேப்பில் அனுமதி கேட்காத பழக்கம் ஆல்பத்துக்குள்ளும் நுழைந்திருந்தது. ‘பிளேயிங் வித் ஃபயர்’ பாட்டு ரோலிங் ஸ்டோன்ஸின் 1965-ம் வருஷத்துப் பாட்டைத் தழுவியது என்று உரிமையாளரான ஆப்கோ நிறுவனம் 2008 ஜூலையில் வழக்குப் போட்டது. பாட்டை ஆல்பத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். பின்னால் வாங்கியவர்களுக்கு அந்த இடத்தில் வேறொரு பாட்டு. ‘எ மில்லி’க்குப் பணம் ஒழுங்காக வரவில்லை என்று பங்களாதேஷ் பேட்டிகளில் வெளிப்படையாகவே புலம்பினார். ‘லாலிபாப்’ செய்த ஜிம் ஜான்சின், டீஸில் இருவரும் 2011-ல் பாக்கி கேட்டு நீதிமன்றம் போனார்கள். இத்தனைக்கும் நடுவில் 2010-ல் பங்களாதேஷ் மறுபடி வெய்னுக்கு ‘6 ஃபுட் 7 ஃபுட்’ செய்துகொடுத்தார். அதில் கூடப் பாடியவர், ‘எ மில்லி’யில் இடம் கிடைக்காமல் போன அதே கோரி கன்ஸ்.

கடைசியில் கடைக்குட்டியும் கணக்குக் கேட்டார். 2015 ஜனவரியில் கேஷ் மணி மேல் வெய்ன் 5.1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். ‘அப்பா’வுக்கு எதிராக. அந்தத் தகராறில் ‘தா கார்ட்டர் 5’ கிட்டத்தட்ட நாலு வருஷம் பெட்டிக்குள் கிடந்து, சமரசத்துக்குப் பிறகு 2018 செப்டம்பரில் வெளியானது. 2005-ல் மேனி ஃபிரெஷ் வெளியேறியதும் இதே மாதிரிக் கணக்குத் தகராறில்தான்.

மிக்ஸ்டேப்புகளின் நிலைமை இன்னும் மோசம். 2009-ல் வந்த ‘நோ சீலிங்ஸ்’ 2020-ல் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்தபோது பல பாட்டுகளைக் காணோம். அடுத்தவர் பீட்டுக்கு அனுமதி வாங்க முடியவில்லை என்றால் அவ்வளவுதான்.

2025 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் நியூ ஆர்லியன்ஸில், கத்ரீனாவின்போது ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்த அதே சூப்பர்டோமில் நடந்தது. இடைவேளைக் கச்சேரிக்கு ஊர்ப்பிள்ளை வெய்னைக் கூப்பிடவில்லை, கலிஃபோர்னியாவின் ரேப்பர் கென்ட்ரிக் லமாரைக் கூப்பிட்டார்கள். அது தன்னை நொறுக்கிவிட்டதாக வெய்ன் முந்தின செப்டம்பரிலேயே வீடியோ போட்டுச் சொல்லியிருந்தார். நவம்பரில் வந்த தன் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே கென்ட்ரிக் அதைத் தொட்டார், ‘தா கார்ட்டர் 3’ கேட்டு வளர்ந்ததையும் அதே மூச்சில் சொன்னார். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. 2009 ஜனவரியில், 21 வயதில், கே-டாட் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு மிக்ஸ்டேப் போட்டார். பெயர் ‘சி4’. பீட்கள் பெரும்பாலும் ‘தா கார்ட்டர் 3’லிருந்து எடுத்தவை. விலை கிடையாது.